அளவு ஜாக்கெட்

இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன், எந்திரிக்கச் சௌகரியம். பஸ்ல ஏறியே பல வருசம் ஆச்சுங்க. இது கோபி போறதுதானே? கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். இன்னொரு தடவ கேட்டா எறக்கி விட்டுருவாரு.

ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இந்த டாப்ஸ் எங்க எடுத்தீங்க? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரக் கடையிலயா? குமிச்சுப் போட்டு விக்கறாங்களா? சரி, சரி. இல்ல, கலர் உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது. பின்கழுத்துல தங்கக் கலர் நூல்ல ஒரு டேக் இருக்கும். அதுல என்ன பேருன்னு நான் சொல்லட்டுங்களா? அமுதவல்லி. சரியா?

மந்திரமெல்லாம் இல்லீங்க. அது எங்க கம்பெனித் துணி. அந்த அமுதவல்லியப் பாக்கத்தான் இப்பப் போயிட்டிருக்கேன்.

எங்கப்பா பேரச் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சுரும், அதனால சொல்லல. மில்லு, சாயம் போடற டையிங்கு, கார்மென்ட்ஸ்னு எல்லாம் இருக்குது, நான் ஒரே பொண்ணு. எல்லாம் உனக்குத்தான், எல்லாம் உனக்குத்தான்னு பொறந்ததுலிருந்து காதுல ஓதிக்கிட்டே இருப்பாங்க. வினோதினிங்க என்ற பேரு. அமுதா மட்டும் வினோன்னு கூப்புடுவா. நீங்க என்ன பண்றீங்க? டீச்சரா? பாருங்க, பாத்ததும் நெனச்சேன்.

காரு இல்லாமயா டீச்சர். டிரைவரு எங்கம்மாகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுருவாரு. ஒரு தையக்காரி வீட்டு வாசல்ல போயி நிக்கப் போறியான்னு எங்கம்மா ஆரம்பிச்சுருவாங்க. அமுதாவத் தையக்காரின்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். அவ டிசைனர். காலேஜ்ல என்கூடத்தான் படிச்சா. எங்கப்பா, தொழிலப் பாத்துக்கணும்னா துணியப் பத்தித் தெரிஞ்சுக்கன்னு சொல்லி என்னை அங்க சேத்து விட்டாரு. அவ ஸ்காலர்ஷிப்ல வந்தா. அவங்கப்பா எங்க டையிங்லதான் வேலை பாத்தாரு. அதுவே எனக்கு ரெண்டாவது வருசந்தான் தெரியும். அவ சொல்லல. நானும் கேக்கல.

எங்களுக்குள்ள ஏத்தத்தாழ்வே கெடையாதுங்க டீச்சர். ஊருக்குப் போயிட்டு வந்தா, என்ற டப்பா அவளுக்கு, அவ டப்பா எனக்கு. அவங்கம்மா கடையற கொள்ளுப் பருப்பு இருக்குதே, எங்க வீட்டுச் சமையக்காரங்களுக்கு அது வராது. என்ற ரெக்கார்டு நோட்டு, டிராயிங்கு எல்லாம் அவதான் வரைஞ்சு குடுப்பா. நான் கேட்டதே இல்ல. ரூம்ல டேபிள் மேல வெச்சிருப்பேன், அவளா எடுத்துட்டுப் போயி வரைஞ்சு கொண்டாந்து வெச்சுருவா. அவளுக்கு வரையறதுன்னா அவ்வளவு இஷ்டம்.

அந்தக் கண்ணாடிய ஏத்தி விடுங்களேன். காத்து வேணும். இல்ல, வேண்டாம், தூசி வருது. எறக்கிருங்க. இருக்கட்டும், பாதியிலயே இருக்கட்டும்.

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், துணி. எனக்குச் சின்ன வயசுலிருந்தே ஒரு துணியும் சரியா உக்காராதுங்க. எத்தன டெய்லரு மாத்தியிருப்போம்! எல்லாருமே, கொஞ்சம் நேரா நில்லுங்க பாப்பா, கொஞ்சம் நேரா நில்லுங்கம்பாங்க. நேராத்தான் நிப்பேன். தைக்கத் தெரியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஏழாவது படிக்கறப்போ குடோன்ல பஞ்சு மூட்டை மேல ஏறி வெளையாடி, கீழ விழுந்து தோளெலும்பு போச்சு. கட்டுப் போட்டாங்க, நல்லாயிருச்சு. டாக்டரே, இனி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. அப்பறமும் எங்கம்மா மட்டும் எங்க போனாலும், ஷால இடது பக்கமாப் போட்டுக்க, இடது பக்கமாப் போட்டுக்கம்பாங்க. ஒரு பக்கமாப் போடறதுதான் உனக்கு ஸ்டைலுன்னு சொல்லிச் சொல்லி, அதுவே பழகிருச்சு. இப்பக்கூடப் பாருங்க, தன்னால அங்கதான் போகுது கை.

அமுதாதான் மொதமொதல்ல என்னைய ஒழுங்கா அளந்தா. ஹாஸ்டல் ரூம்ல, கதவத் தாழ் போட்டுட்டு, டேப்ப வெச்சு அளந்தா, அப்பறம் கையால அளந்தா. மறுபடியும் டேப்ப எடுத்தா. என்னடின்னு கேட்டா, ஒண்ணுமில்ல வினோ, அசையாம நில்லுன்னா. அப்பறம் காடாத் துணியில ஒரு ஜாக்கெட் தைச்சா. போட்டுப் பாத்தேன் டீச்சர். கண்ணாடியில நானான்னு இருந்துச்சு. ஒரு எடத்துல சுருக்கமில்ல, இழுக்கல. அழுதுட்டேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். அத அவளே எடுத்து வெச்சுக்கிட்டா. இனிமே உனக்கு எது தைச்சாலும் இதுதான் அளவு ஜாக்கெட், என்கிட்டயே இருக்கட்டும், வேற யார்கிட்டயும் குடுக்காதேன்னா. நீங்களும் டெய்லர்கிட்ட ஒண்ணு குடுத்து வெச்சிருப்பீங்கல்ல? அதேதான். அதுக்கப்பறம் பத்து வருசம் அவ தைச்சதுதான் நான் போட்டேன்.

பெருமாநல்லூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா? இல்ல, மெதுவாப் போனாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு, அதான் கேட்டேன்.

படிச்சு முடிச்சு அவ ஒரு மாடி ரூமப் புடிச்சுக் கடை வெச்சா. ஃபேஷன் டிசைனர்னு போர்டு. ஏறி வர்றவங்க எல்லாம், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பீங்களான்னு கேட்டுட்டு வருவாங்க. அதையும் அடிச்சுக் குடுப்பா. நடுவுல நடுவுல, இஷ்டத்துக்கு ஒண்ணு வரைஞ்சு, வெட்டி, தைச்சு, மாட்டி வெப்பா. யாரும் வாங்க மாட்டாங்க. எங்க கம்பெனிக்கே வந்துரு, டிசைன் செக்‌ஷன் முழுக்க உன் கையில குடுக்கறேன்னு நான் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். மாட்டேன்னுட்டா. என்ற பேருல ஒண்ணு நின்னாப் போதும் வினோ, சின்னதா இருந்தாலும் என்ற பேருல இருக்கணும்னா. பிடிவாதம். மெட்ராஸ்ல ஒரு பெரிய கடைக்காரங்க, உங்க துணிய எங்க கடையில மாட்டி வெக்கறோம்னு கேட்டிருந்தாங்க. அதுக்காகவே வருசக்கணக்காக் காத்துக்கிட்டிருந்தா.

அப்பத்தான் என்ற பொறந்த நாளு வந்துச்சு. இந்த டாப்ஸ் இருக்குதே, இதுக்கு மூலம் அதுதான். உங்களது பாலியெஸ்டர் கலந்தது. அது நல்ல பட்டு. இந்தச் சாய்ஞ்ச பட்டி இருக்குதே, வலது கழுத்துலிருந்து இடது பக்கமா வந்து எறங்குதே, அத எப்படிடி யோசிச்சேன்னு கேட்டேன். சும்மா வந்துச்சுன்னா. பார்ட்டியில அத்தன பேரும் என்னையே பாத்தாங்க. எங்க எடுத்ததுன்னு கேட்டாங்க. பாம்பேலன்னு சொல்லிட்டேன். வாயில தானா வந்துருச்சு. அமுதா பக்கத்துல தட்டப் புடிச்சுட்டு நின்னுட்டிருந்தா. சிரிச்சா. அவ ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டா.

ஆனா எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இவளுக்குப் பெருசா ஏதாச்சும் செய்யணும், இவ பேர ஊரே சொல்ற மாதிரி செய்யணும்னு தோணிருச்சு. எனக்கு ஒண்ணு தோணுச்சுன்னா உக்கார முடியாதுங்க, இப்ப பஸ்ல உக்காந்திருக்கற மாதிரித்தான். அந்தச் சட்டையத் தூக்கிட்டு நேரா எங்க சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனேன். பேட்டர்ன் மாஸ்டர்கிட்ட, தையலப் பிரிங்க, அட்டையில அப்படியே பேட்டர்ன் எடுங்கன்னேன். அவரு பிரிச்சுப் பாத்துட்டு, ஏனுங்க பாப்பா, இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லயே, நான் பாதிய எடுத்து மடிச்சு வெட்டிரட்டுங்களான்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! இது டிசைனர் வெட்டினது, மாஸ்டர், அதுல ஒரு நூலு மாத்தக் கூடாது, எப்படி இருக்குதோ அப்படியே போகணும்னு சொல்லிட்டேன். அவ கலைய நான் அவ்வளவு மதிச்சேன் டீச்சர். அத அவ ஒரு நாளும் ஒத்துக்க மாட்டா.

எஸ்ஸிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் அடிச்சோம். எல்லா ஊருக்கும் லோடு போச்சு. டேக்ல என்ன போடலாம்னு மேனேஜர் கேட்டாரு. கம்பெனி பேரு வேண்டாம், அமுதவல்லின்னு போடுங்கன்னேன். தங்கக் கலர் நூலுன்னேன். எங்கப்பா பேரு போட்டாத்தான் விக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கேக்கல. யாருங்க இப்படிச் செய்வாங்க, ஒரு ஃபிரண்டுக்கு?

சர்ப்ரைஸா இருக்கட்டும்னு கண்ண மூடச் சொல்லி அவளக் கூட்டிட்டுப் போனேன். பேக்கிங் ஹாலு முழுக்க அவ பேரு. கண்ணத் தொறந்து பாத்தா. ஒண்ண எடுத்தா, நெடுக்கால மடிச்சுப் பாத்தா, கீழ வெச்சா. இன்னொண்ண எடுத்து மடிச்சா. இது உனக்கு வெட்டினது வினோன்னா. எனக்குத்தான்டி, நான் ஊருக்கே குடுக்கறேன்ல, அதுதானே சந்தோசம்னேன். நிறுத்திரு வினோ, தயவு செஞ்சு நிறுத்திருன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. லோடு போயிருச்சுடின்னேன். கையிலிருந்து கைய எடுத்துட்டா.

எனக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும், சொல்லுங்க? டிசைனருங்களுக்கு இருக்கற கர்வம் அதுன்னு நெனச்சேன். எல்லாரும் ஒரே மாதிரி போட்டுட்டா மதிப்புப் போயிரும்னு பயம். நம்ம கையால ஒண்ணு செஞ்சு குடுத்தா, வாங்கிக்கத் தெரியணும்ல?

நீங்க ஏறினதிலிருந்து அந்தக் கழுத்தப் புடிச்சு வலது பக்கமா இழுத்துக்கிட்டே வர்றீங்க. அதேதான், எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. கழுத்து இடது பக்கமா ஓடுது, வலது பக்கம் உள்ள போட்டிருக்கறது வெளிய தெரியுதுன்னு. கடை கடையாத் திரும்பி வந்துச்சு. நான் என்ன சொன்னேன்னா, நம்ம பொம்பளைங்க யாரும் நேரா உக்கார்றதில்ல, கூனிக்கிட்டு உக்காந்தா எந்தத் துணிதான் நிக்கும்னேன். எனக்கு அது கச்சிதமா இருக்குதேங்க! உங்களச் சொல்லல டீச்சர். நீங்க நேராத்தான் உக்காந்திருக்கீங்க.

இந்தக் குன்னத்தூர்ல எவ்வளவு நேரம் நிக்கும்? டீ குடிக்கலாமா? வேண்டாம், எறங்கினா எடுத்துருவான். எறங்கினா நான் திரும்பி வீட்டுக்குப் போனாலும் போயிருவேன்.

அப்பறம் எங்கப்பா மீட்டிங் போட்டாரு. டீலருங்க, மேனேஜருங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, திரும்பி வந்த துணி டேபிள் மேல மலையாக் கெடக்குது. அமுதாவ வரச் சொன்னாங்க. எங்கப்பா அந்தச் சட்டைய எடுத்துப் புடிச்சு, ஏம்மா, படிச்ச பொண்ணு, ரெண்டு தோளையும் சமமா வெட்டக்கூடவா தெரியாது, ஏன் இப்படி வெட்டுனேன்னு கேட்டாரு. அவ எங்கப்பாவப் பாக்கல. என்னையப் பாத்தா. ரொம்ப நேரம் என்னையவே பாத்தா. சொல்லுடி, ஏதாச்சும் சொல்லுடின்னு எனக்கு உள்ளுக்குள்ள அடிச்சுக்குது. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லியிருப்பாளே! கடைசியா, நான் அளவு தப்பா வெட்டிட்டனுங்க ஐயான்னா. எங்கப்பா நல்லவருங்க, திட்டல. சரி போம்மான்னுட்டாரு. நான்தான் மனசு கேக்காம, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே அமுதான்னேன். எல்லாரும் இருக்கறப்போ ஒண்ணும் சொல்லாம இருந்தா நல்லாருக்காதுல்ல. வர்றேனுங்க மேடம்னு சொல்லிட்டுப் போனா. மேடமாம். என்னைய.

அதோட போச்சு. அமுதவல்லின்னாலே கழுத்து ஓடற டாப்ஸ்னு ஆயிருச்சு. மெட்ராஸ்காரங்க வேண்டாம்னுட்டாங்க. ஃபால்ஸ் அடிக்கக்கூட ஆளு வரலயாம். போர்டக் கழட்டிட்டு, அவங்கம்மாவோட ஊரு கோபிக்கே போயிட்டா. ஸ்கூல் யூனிஃபாரம் தைக்கறாளாம். போன் பண்ணா எடுக்கறதில்ல. இல்லாத கோயிலுக்கெல்லாம் நான் வேண்டிக்கிட்டேன். நம்புவீங்களா? எனக்கு அவளத் தவிர யாருமே இல்லீங்க டீச்சர். எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் சொத்தப் பாத்துக்கிட்டு வர்றவங்க. அவ ஒருத்திதான் என்னையப் பாத்துக்கிட்டு வந்தா.

போன மாசம் கூரியர்ல ஒரு பார்சல் வந்துச்சு. சமாதானத்துக்கு ஏதோ தைச்சு அனுப்பியிருக்கான்னு குதிச்சுட்டுப் பிரிச்சேன். அளவு ஜாக்கெட். வேற ஒண்ணுமில்ல. உங்களுக்குத் தெரியும்ல, டெய்லர மாத்தணும்னா நாமதான் போயி, என்ற அளவு ஜாக்கெட்டக் குடுங்கன்னு கேட்டு வாங்குவோம். எந்த ஊர்லயாச்சும் டெய்லரு தானாத் திருப்பிக் குடுத்துப் பாத்திருக்கீங்களா? இனிமே என்ற வாசப்படிய மிதிக்காதேன்னு சொல்றதுதானே அது? அத மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க, வர்ற தை மாசம். இந்தப் பையில முகூர்த்தப் பட்டுக்கு மூணாவதா எடுத்த ஜாக்கெட் துணி இருக்குது. பெங்களூரு டிசைனர் ஒருத்தரு தைச்சாரு, உக்காரல. கோயமுத்தூர்ல ஒருத்தரு தைச்சாரு, அதுவும் உக்காரல. மேடம், கொஞ்சம் நேரா நில்லுங்கங்கறாரு! எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி! அதான், கெளம்பிட்டேன். துணியையும் அளவு ஜாக்கெட்டையும் அவ மடியில வெச்சுட்டு, நீ தைக்கலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்னு சொல்லிரப் போறேன். பழசெல்லாம் மன்னிச்சுட்டேன்டின்னு சொல்லப் போறேன். பெரிய மனசு பண்ணித்தானே போகணும், யாராச்சும் ஒருத்தர்.

காட்டட்டுங்களா? இதுதான். பாருங்க, காடாத் துணிதான், ஆனா தையலப் பாருங்க. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு தெரியாது. இத்தன வருசம் துவைச்சு, இஸ்திரி போட்டு வெச்சிருக்கா. மடிச்சுக் குடுங்களேன், எனக்கு ஒழுங்கா மடிக்க வராது. நெடுக்கால மடிங்க. ரெண்டு தோளும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி.

என்னங்க, சேர மாட்டேங்குது? சரியாப் புடிங்க. கழுத்த மொதல்ல சேருங்க. இடுப்பச் சேருங்க. இப்ப?

குடுங்க இங்க.

ஒரு விரக்கடை கீழ எறங்குதே, இடது பக்கம். துவைச்சதுல சுருங்கியிருக்குமோ? ஒரு பக்கம் மட்டும் சுருங்குமா? திருப்பி மடிக்கறேன், இருங்க. இல்ல. வரல. இதுலயும் அளவு தப்பா வெட்டியிருக்காளா? ஆனா இது எனக்குச் சரியா இருக்குதேங்க. இது ஒண்ணுதான் எனக்குச் சரியா இருக்குது.

பேக்கிங் ஹால்ல அவ இப்படித்தான் மடிச்சுப் பாத்தா.

டீச்சர், இந்த ஷால எடுக்கறேன். என்னையக் கொஞ்சம் பாருங்க. நேரா உக்காந்திருக்கேன், முதுகு சீட்டுல படுது பாருங்க. என்ற தோளைப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது? நீங்க டீச்சரு, பொய் சொல்லக் கூடாது. சொல்லுங்க.

ஏங்க பேச மாட்டேங்கறீங்க?

இப்ப நீங்க பாக்கறீங்களே, இதே மாதிரித்தாங்க அன்னைக்கு அவளும் பாத்தா. எங்கப்பா கேட்டப்போ. அத்தன பேரும் உக்காந்திருந்தாங்க. இது உங்க பொண்ணுக்குன்னு வெட்டினதுங்க ஐயா, அவ தோளுதான் அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ பேரு நின்னிருக்கும். ஒரு வார்த்தை. வருசக்கணக்காக் காத்துக்கிட்டிருந்த பேருங்க. அத விட்டுட்டு, நான் தப்பா வெட்டிட்டேன்னா. நான் வேற, கவனமா இருந்திருக்கலாமேன்னேன்.

கோபி வந்துருச்சா? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, இங்கயே எறங்கணுமா? அவகிட்ட என்னன்னு சொல்றது டீச்சர்? வர்ற வழியெல்லாம் பேச்சாப் பேசி வெச்சிருந்தேன், இப்ப ஒண்ணுகூட வாயில வரல. இந்தப் பட்டுத் துணிய எடுத்துட்டுப் போறதா வேண்டாமான்னுகூடத் தெரியல.

நில்லுங்க, இந்த ஷால நீங்க வெச்சுக்கங்க. இல்லீங்க, வெச்சுக்கங்க, வலது பக்கமாப் போட்டுக்கங்க, உள்ள இருக்கறது தெரியாது. இத்தன நாளு அந்தச் சட்டையில நீங்க பட்ட சங்கடமெல்லாம் என்னாலதான். எனக்கு வேண்டாங்க. எங்கம்மா பாத்தாத் திட்டட்டும், ரோட்டுல போறவங்க பாத்தாப் பாக்கட்டும். நான் இப்படியே போறேன்.

கண்டக்டர், எறங்கோணும். கொஞ்சம் நிறுத்துங்க.